வந்த டீமின் வேன் எங்கே நிற்கிறது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலைநாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும், சனி ஞாயிறுகளில் எங்கள் கரையின், அதாவது எங்கள் கடலோர ஊரின், கிளப் பையன்களோடும் வெளியூர் மைதானங்களுக்குப் போய் வந்த காலம் அது. கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரைக்கும் நான் கால்பந்து பார்க்காத கடற்கரை ஊர் குறைவு. நீரோடியைத் தாண்டிப் பொழியூர், பூவார், விழிஞ்ஞம் என்று கேரளக் கரைகளுக்கும் போயிருக்கிறோம். ஆட்ட நுணுக்கம் சொல்லித்தர இந்த மாவட்டத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகான அரைமணி நேரத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. தன் டீமுக்குக் கை தட்டுவதற்காக அடுத்த ஊருக்குப் போன பிள்ளை, போன மாதிரியே வீடு வந்து சேர வேண்டுமே, அதைப் பற்றி.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு திருவிழாவை ஒட்டி மின்னொளி கால்பந்துப் போட்டி நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்றைக்கும் எனக்கு உயிர்ச் சிநேகிதர்கள் உண்டு. இறுதி ஆட்டம் அந்த ஊர் டீமுக்கும் எங்கள் டீமுக்கும். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசி அடியை எங்கள் கோல்கீப்பர் தடுத்துவிட்டான். எங்களோடு இரண்டு வேனிலும் ஒரு டெம்போவிலுமாக வந்திருந்த ஐம்பது அறுபது பேர் மைதானத்துக்குள் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சுழற்கோப்பையைக் கையில் வாங்கும்போதே முதல் தண்ணீர் பாட்டில் எங்கள் காலடியில் வந்து விழுந்தது.

எங்கள் வண்டிகள் மைதானத்தின் உள்மூலையில், மதிலைப் பார்த்தபடி நின்றன. ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் அப்படியே கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம். வெளியே வர ஒரே ஒரு வழி. அதுவும் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த கேலரியைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. வேனைப் பின்னால் எடுத்து, திருப்பி, கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து வருவதற்குள் கல் பறக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்துக் கண்ணாடி உடைந்தது. "சாரே, ஒண்ணும் தெரியல்ல சாரே" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். ஒன்பதாம் வகுப்புப் பையன். விளையாட வந்தவன்கூட இல்லை, அண்ணன் விளையாடுவதைப் பார்க்க வந்தவன். அவனுடைய இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

கல்லை எறிந்தது யார் என்று இன்று வரைக்கும் தெரியாது. வெகுகாலம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் மெல்ல மெல்ல வேறு கேள்விகள் வந்தன. வண்டியை அந்த மூலையில் நிறுத்த விட்டது யார்? அந்த மைதானத்துக்கு ஏன் ஒரே வழி? மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன பேசினார்? முதல் கேள்விக்குப் பதில், நான்தான்.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் எங்கே என்ன நடந்தாலும் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2012 பிப்ரவரி 1ஆம் தேதி எகிப்தின் போர்ட் செய்த் நகரத்தில் அல் மஸ்ரி என்ற உள்ளூர் டீமுக்கும், கெய்ரோவிலிருந்து வந்த அல் அஹ்லி டீமுக்கும் ஆட்டம். உள்ளூர் டீம் 3-1 என்று ஜெயித்தது. நன்றாகக் கேளுங்கள், ஜெயித்தது. தோற்றால்தானே கோபம் வரும் என்று நாம் நினைக்கிறோம். ஜெயித்த ஊரின் கூட்டம்தான் மைதானத்துக்குள் இறங்கி, வந்த டீமின் ரசிகர்கள் இருந்த பக்கம் ஓடியது. அவர்கள் வெளியேற வேண்டிய வாசல் பூட்டிக் கிடந்தது. 74 பேர் இறந்தார்கள். அடிபட்டு இறந்தவர்களும் உண்டு, பூட்டிய வாசலில் ஒருவர்மேல் ஒருவர் நெரிந்து இறந்தவர்களும் உண்டு. பையன்கள் ஒரு டீமுக்குக் கை தட்டப் போனவர்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். களத்தில் வீரர்களுக்குள் மூண்ட மோதல் கேலரிக்கு ஏறியது. 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. வருடாவருடம் அந்தத் தேதியில் அவர்கள் நினைவாக அங்கே ரத்ததானம் செய்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "வெளியூர்க்காரங்களைப் பார்க்கவே விடாதீங்க, பிரச்சினை தீர்ந்துது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்திலும் சில கமிட்டிகளில் இந்தப் பேச்சு வருகிறது. அர்ஜென்டினாவில் 2013இல் அதைத்தான் செய்தார்கள். வந்த டீமுக்கு ரசிகர்களே கிடையாது என்று விதி. 2018 நவம்பரில் ரிவர் பிளேட், போகா ஜூனியர்ஸ் இரண்டுக்கும் தென்னமெரிக்கக் கிளப்புகளுக்கான கோப்பையின் இறுதி ஆட்டம். ரிவர் பிளேட்டின் மைதானத்தில் போகா ரசிகர் ஒருவருக்கும் இடமில்லை. ஆனால் போகா வீரர்கள் வந்த பஸ் மைதானத்தை நெருங்கும்போது கல்லும் பாட்டிலும் பறந்தன. கண்ணாடி உடைந்து அவர்களுடைய கேப்டனுக்குக் கண்ணில் காயம். அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. கடைசியில் அந்த ஆட்டத்தைக் கடல் தாண்டி ஸ்பெயினின் மாட்ரிட் நகரத்தில் கொண்டுபோய் நடத்தினார்கள்.

இந்தோனேசியாவில் இன்னும் மோசம். 2022 அக்டோபர் 1, மலாங் நகரத்தின் கஞ்சுருஹான் மைதானம். அங்கும் வந்த டீமின் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. உள்ளூர் டீம் 3-2 என்று தோற்றது, கூட்டம் உள்ளே இறங்கியது. போலீசார் கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டார்கள், கேலரியைப் பார்த்தும் போட்டார்கள். மைதானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. புகைக்குப் பயந்து ஓடியவர்கள் குறுகிய வாசல்களில் சிக்கி 135 பேர் இறந்தார்கள். பிள்ளைகளும் அதில் உண்டு. எதிர் டீமின் ரசிகன் ஒருவன்கூட இல்லாத மைதானத்தில் இத்தனை சாவு. ஆகவே அந்த யோசனையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வந்தவனைத் தடுத்தால் நம் கூட்டம் பத்திரமாகிவிடும் என்பது உண்மையில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே யார் வந்த டீம், யார் ஊர் டீம்? தூத்தூர் பக்கம் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்ற இந்தியக் கால்பந்து லீக்கில் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடினார். அந்த டீம்கள் சென்னைக்கு வந்து ஆடும்போது நம் கரைக்காரர்கள் யாருக்குக் கை தட்டுவது? சென்னையின் கேலரியில் உட்கார்ந்து எதிர் டீமின் ஜெர்சியைப் பார்த்து "எங்க ஊர்ப் பையன்" என்று சொல்ல ஒருவனுக்கு உரிமை வேண்டாமா? நம் கரைகளிலிருந்து எத்தனை பேர் தமிழ்நாட்டுக்காகச் சந்தோஷ் டிராபி ஆடப் போயிருக்கிறார்கள்! போன இடத்திலெல்லாம் அவர்கள் வந்த டீம்தான். ஆழ்கடலுக்குப் போகும் ஒரு விசைப்படகில் நாலைந்து கரை ஆட்கள் சேர்ந்துதான் ஏறுகிறோம். கடலில் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் மைதானத்தில் பாட்டில் எறிகிறார்கள் என்றால் எனக்கு அது பொறுக்கவில்லை.

வடக்கே கேரளத்தின் மலப்புரத்தில் 2024 மார்ச்சில் ஒரு சம்பவம். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் உள்ளூர் எழுவர் ஆட்டம் ஒன்றில், ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து வந்து ஆடிய வீரரைக் கூட்டம் துரத்தித் துரத்தி அடித்தது. நிறத்தைச் சொல்லி இழிவாகப் பேசியதாக அவர் போலீசில் புகார் கொடுத்தார். நம் ஊர்ப் போட்டிகளுக்கும் வெளிநாட்டு வீரர்கள் வருகிறார்கள். ஊர் பெயரையோ, சாதியையோ, நிறத்தையோ சொல்லிக் கூவுவதைச் சும்மா விளையாட்டுக்கு என்று விடாதீர்கள். நான் பார்த்தவரைக்கும் கல்லுக்கு முன்னால் எப்போதும் சொல்தான் வந்திருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? போட்டி நடத்தும் ஊருக்கு முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய பொறுப்பு அவர்களுடையது. வந்த டீமின் வேன் எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், ஊர்க் கேலரியைத் தொடாத வழியில் வெளியேற வேண்டும். இரண்டாவது வழி இல்லாத மைதானமென்றால் ஒரு பக்க வேலியை அன்றைக்கு மட்டும் அவிழ்த்துவிடுங்கள், அதற்கு என்ன செலவு? ஆட்டம் முடியும் பத்து நிமிடத்துக்கு முன்பே வாசல் திறந்திருக்க வேண்டும், அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும். கண்ணாடி பாட்டிலையும் பட்டாசையும் வாசலிலேயே வாங்கி வையுங்கள். மரப்பலகையில் கட்டும் கேலரியில் எத்தனை பேர் ஏறலாம் என்று கட்டியவரிடமே கேட்டு, அதற்கு மேல் ஏற்றாதீர்கள். 2022இல் இதே மலப்புரத்தில் அப்படி ஒரு கேலரி சரிந்து ஏராளமான பேர் காயம்பட்டார்கள். சண்டையே இல்லாத நாளில் நடந்தது அது.

அப்புறம் மைக். நம் போட்டிகளில் கமென்டரி சொல்பவரின் குரல்தான் கூட்டத்தின் நாடி. "ரெஃப்ரி ஏமாத்திட்டாரு" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆயிரம் பேர் எழுந்து நிற்பார்கள். அவரே நிதானமாக, "வந்த டீம் அருமையா ஆடினாங்க, முதல்ல அவங்க வண்டி போகட்டும், நம்ம ஆளுங்க அஞ்சு நிமிஷம் இருங்க" என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊர்க் கமிட்டிப் பெரியவர்கள் நான்கு பேர் வேனுக்கு முன்னால் ஜங்ஷன் வரைக்கும் நடந்து வந்து எங்களை வழியனுப்பிய ஊரும் இதே கடற்கரையில் உண்டு. அன்றைக்கும் நாங்கள் ஜெயித்திருந்தோம். பெரியவர் முன்னால் நடக்கும்போது எந்தப் பையனுக்கும் கை ஓங்கவில்லை.

வெளியூருக்குப் பந்து பார்க்கப் போகும் தம்பிகளுக்கும் சொல்ல இருக்கிறது. சேர்ந்து போங்கள், சேர்ந்தே திரும்புங்கள். ஆட்டம் முடிந்து யாரும் தனியாகக் கடைக்கோ, பைக் எடுக்கவோ போக வேண்டாம். ஏறும்போது எத்தனை தலை என்று ஒருவர் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். குடித்தவனை வண்டியில் ஏற்றாதீர்கள், அவன் உங்கள் அண்ணனாக இருந்தாலும் சரி. ஜெயித்தால் மைதானத்துக்குள் ஓடாதீர்கள். அன்றைக்கு எங்கள் ஆட்கள் ஓடினார்கள், நான் தடுக்கவில்லை. கொண்டாட்டத்தை உங்கள் ஊர் எல்லையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே விடிய விடிய ஆடுங்கள். வண்டி நகரும்போது ஜன்னல் பக்கம் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். கல் வந்தால் இறங்கிப் போய்க் கேட்க நினைக்க வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டு வண்டியை ஓட்டச் சொல்லுங்கள். 112க்கு அழையுங்கள்.

கண்ணில் கண்ணாடி பட்டால் தேய்க்காதீர்கள், பிடுங்காதீர்கள், துணியை வைத்து அழுத்தாதீர்கள். ஒரு காகிதக் கப்பைக் கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்று நாங்கள் துண்டை வைத்து அழுத்தினோம். தலையில் அடிபட்டவன் "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் அன்று ராத்திரி அவனைத் தனியாக விடாதீர்கள். வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ உடனே 108.

கல்லைக் கையில் எடுக்கும் தம்பிக்கும் ஒன்று. ஐந்து பேர் சேர்ந்து ஒரே நோக்கத்தோடு கலவரம் செய்தால், எறிந்தவனோடு சேர்ந்து நின்றவன் மேலும் அதே வழக்கு வரும். நம் பையன்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்கோ கப்பலுக்கோ போகக் காத்திருப்பவர்கள். குற்ற வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு பெனால்டிக்காக அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிய விசா பணம் போன கதை எங்கள் கரையிலேயே உண்டு.

கண்ணை இழந்த அந்தப் பையனுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் கிளப்பின் போட்டிக் கமிட்டியில் அவனும் ஒருவன். பரிசுத்தொகை எவ்வளவு, லைட் யாரிடம் எடுப்பது, எந்தெந்த டீமைக் கூப்பிடுவது என்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருப்போம். அவன் பேசாமல் இருப்பான். எல்லோரும் முடித்த பிறகு, "வாற டீமுக்க வேன் எங்க நிக்கும்?" என்று கேட்பான். இந்த வருடப் போட்டிக்கான கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும். இந்த முறை அந்தக் கேள்வியை அவன் கேட்பதற்கு முன்னால் நான் எழுந்து பதில் சொல்லப் போகிறேன். இடம் பார்த்து வைத்துவிட்டேன், மேற்கு வேலி ஓரம், ரோட்டைப் பார்த்து.

வணக்கம்.