பழைய அமெரிக்கப் பத்திரம் ஒன்றை எப்படிப் படிப்பது?

[திரையில்: பழுப்பேறிய ஒரு தாள். மேல் விளிம்பு நெளிநெளியாக இருக்கிறது.]

இந்த விளிம்பை எலி கடிக்கவில்லை. எழுத்தர் வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார். ஒரே தாளில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே நெளித்து வெட்டி, ஆளுக்கொரு பாதி கொடுப்பது இங்கிலாந்தின் பழைய வழக்கம். தகராறு வந்தால் பாதிகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். பல்லோடு பல் பொருந்தாவிட்டால் ஒன்று போலி. இவ்வகைப் பத்திரத்துக்கு 'இண்டென்சர்' என்று பெயர். அதற்குள் ஒளிந்திருப்பதும் 'பல்' என்ற லத்தீன் சொல்தான்.

[திரையில்: தாளுக்குப் பின்னால் விளக்கு.]

வெளிச்சத்தில் பிடித்தால் தாளில் மெல்லிய கோடுகள் தெரியும். கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் வடித்த காகிதம் இது. அமெரிக்காவின் முதல் காகித ஆலை 1690-இல் பிலடெல்ஃபியா அருகே தொடங்கியது. மை? மாசிக்காய், அன்னபேதி, பிசின்: நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கேதான். எழுதிய பின் கறுக்கும், காலப்போக்கில் பழுப்பாகும். அமிலம் மிகுந்திருந்தால் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழும்.

தேதி 1731/32 என்றிருந்தால் குழம்ப வேண்டாம். 1752 வரை பிரிட்டிஷ் குடியேற்றங்களில் சட்டப்படி மார்ச் 25 அன்றுதான் புத்தாண்டு. ஆகவே ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து எழுதினார்கள்.

பெயர் எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார். சுற்றிலும் எழுத்தர் "இன்னாரின் குறி" என்று எழுதுவார். நம் கைநாட்டின் தூரத்து உறவு.

புதிதாகச் சேகரிப்பவர்கள் பிரபலங்களின் கையெழுத்தைத் தேடி ஓடுகிறார்கள். போலிக்காரர்கள் காத்திருப்பதும் அங்கேதான். ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் பிலடெல்ஃபியாவில் ஜார்ஜ் வாஷிங்டனின் கையெழுத்தைப் போலியாகப் போட்டே வயிறு வளர்த்தார். பெயர் தெரியாத விவசாயி ஒருவரின் சொத்துப் பட்டியலைப் போலியாக எழுத யாருக்குப் பொறுமை இருக்கிறது?

[திரையில்: நீண்ட பட்டியல். வலப்பக்கம் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ்.]

என் விருப்பம் இந்தப் பட்டியல்கள். ஒருவர் இறந்ததும் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வந்து, சட்டி, பானை, நூற்கும் ராட்டை, இறகு மெத்தை என்று ஒவ்வொன்றுக்கும் விலை போடுவார்கள். இறகு மெத்தைக்குப் பல வீடுகளில் மாட்டைவிட மதிப்பு அதிகம். சில பட்டியல்களில் மாடுகளுக்கு அடுத்த வரியில் ஒரு மனிதரின் பெயரும் விலையும் இருக்கும். அடிமைப்படுத்தப்பட்ட பலருடைய பெயர் எழுத்தில் மிஞ்சியிருப்பது இப்படித்தான். அத்தகைய தாளை அலமாரியில் பூட்டி வைப்பது எனக்கு ஒப்பவில்லை. வம்சாவளி தேடுவோர் கண்ணில் படும்படி ஒரு பிரதியாவது ஆவணக்காப்பகத்துக்குப் போக வேண்டும்.

குடும்பப் பைபிளில் பிறப்பும் திருமணமும் எழுதிய பக்கங்கள் கிழிந்திருந்தால் விற்றவரை உடனே திட்டிவிடாதீர்கள். 1836-ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலைப் போர் வீரர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம் தந்தது. திருமணத்துக்குச் சான்று கேட்டார்கள். வேறு வழியில்லாத பெண்கள் பைபிள் பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். அவை இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

வாங்கும் முன் ஒரு கேள்வி: இது குடும்பத்தின் தாளா, நீதிமன்றத்தின் தாளா? 1767, 1768-ஆம் ஆண்டுகளின் இரண்டு குற்றப்பத்திரிகைகளை ஒரு சேகரிப்பாளர் காசு கொடுத்துத்தான் வாங்கினார். கையெழுத்திட்டிருந்தவர் வில்லியம் ஹூப்பர். பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்திலும் கையெழுத்திட்டவர். அவை அரசின் சொத்து என்று 1977-இல் வட கரோலினா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசும் போயிற்று, தாளும் போயிற்று.

வீட்டுக்கு வந்த தாளை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். அமிலமில்லாத உறை போதும். உறையில் இடுமுன் பின்பக்கத்தையும் பாருங்கள். மடித்துக் கட்டிவைத்த காலத்தில் வெளியே தெரிந்த மடிப்பில் எழுத்தர் ஒரு வரி எழுதியிருப்பார்: என்ன பத்திரம், யாருடையது, எந்த நாள் பதிவானது.

[திரையில்: தாள் மெல்லத் திருப்பப்படுகிறது.]