தாயின் கணக்கா, சேயின் கணக்கா?

அனைவருக்கும் வணக்கம். ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸ் தொற்றிய இரண்டு மாதக் குழந்தையின் சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) டைட்டர், அதாவது எதிர்ப்பொருள் அளவு, 256 என்று வருகிறது. அதைத் தாயின் கணக்கில் எழுதுவதா, சேயின் கணக்கிலா? இன்றைய பேச்சு இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

தாயின் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் வகை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. பெரும்பகுதி போவது 28 வாரத்துக்குப் பிறகு. நிறைமாதக் குழந்தையிடம் தாய்க்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சீதனம் பாதியிலேயே நின்றுவிடும். மற்ற வகைகளான ஐஜிஎம்மும் ஐஜிஏவும் நஞ்சுக்கொடியைத் தாண்டுவதில்லை. இதை மனத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

தாய் தந்த ஐஜிஜி ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை பாதியாகும். பிறக்கும்போது 1024 என்றால் ஒரு மாதத்தில் 512, இரண்டில் 256, மூன்றில் 128. இரண்டாம் மாதம் தொற்றிய குழந்தையிடம் அப்போது 256, நான்கு வாரம் கழித்தும் அதே 256. டைட்டர் நான்கு மடங்கு ஏறினால்தான் புதுத் தொற்று என்பது வழக்கம்; அதனால் “நான்கு மடங்கு ஏறவில்லை, தொற்றே இல்லை” என்று அறிக்கை எழுதிவிடுவோம். ஆனால் 128 ஆகத் தேய்ந்திருக்க வேண்டிய இடத்தில் 256 நிற்கிறதே! மிச்சம் குழந்தையே உண்டாக்கியது. அதனால்தான் நோயைக் கண்டறிய மூக்குச் சளியில் பிசிஆர் பாருங்கள். இந்த வயதில் சீரத்தை மட்டும் நம்பாதீர்கள்.

குழந்தையின் சொந்த பதில் பலவீனமானது என்பது உண்மைதான். முந்தைய தொற்றை நினைவில் வைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கும் நினைவு பி செல்கள் கிடையாது; போதாக்குறைக்குத் தாயின் எதிர்ப்பொருளும் வைரஸை மூடி மறைக்கிறது. ஆனாலும் பச்சிளம் குழந்தைகளின் எதிர்ப்பொருள்களில் சில, மரபணு மாற்றம் ஏதும் சேராமலே வைரஸைச் செயலிழக்கச் செய்வதை 2018இல் கண்டார்கள். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் சேதி இது.

எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? 1966இல் அமெரிக்காவில் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்எஸ்வி தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். எதிர்ப்பொருள் ஏறியது. பின்னர் தொற்றிய 20 பேரில் 16 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், இருவர் இறந்தார்கள். ஆர்எஸ்வி ஊசி போடாதவர்களில் தொற்றிய 21 பேரில் சேர்ந்தவர் ஒருவரே. வைரஸின் எஃப் புரதம் செல்லோடு இணையும் முன் ஒரு வடிவிலும், இணைந்தபின் வேறொரு வடிவிலும் இருக்கும். ஃபார்மலின் ஊசி பின்வடிவத்தையே காட்டியது. அதனால் எழுந்த எதிர்ப்பொருள்கள் வைரஸில் ஒட்டும், தடுக்காது. அந்த ஊசியால் நேர்ந்த கேட்டுக்கு இது ஒரு காரணம். முன்வடிவத்தின் அமைப்பு 2013இல்தான் தெரிந்தது. ஆகவே எலைசா (வைரஸ் புரதம் பூசிய தட்டில் எதிர்ப்பொருள் ஒட்டுவதை அளக்கும் சோதனை) பார்க்கும் நண்பர்களே, தட்டில் பூசியிருப்பது எந்த வடிவம் என்று முதலில் விசாரியுங்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் எதிர்ப்பொருள் வைரஸைத் தடுக்கிறதா என்று பார்க்கும் வைரஸ் நடுநிலையாக்கச் சோதனை வேண்டும்: சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, படிப்படியாக இருமடங்கு நீர்த்து, தொற்றியபோது எடுத்ததும் நான்கு வாரம் கழித்து எடுத்ததுமான இரு மாதிரிகளையும் ஒரே தட்டில், ஒரே நாளில் ஓட்டுங்கள். வெவ்வேறு நாள் ஓட்டினால் இருமடங்கு வித்தியாசம் தானாகவே வந்துவிடும்.

இப்போது ஆர்எஸ்வியைத் தடுக்க நிர்செவிமாப் என்ற ஊசி வந்திருக்கிறது. குழந்தை சந்திக்கும் முதல் ஆர்எஸ்வி பருவத்தில் 5 கிலோவுக்குக் குறைந்தால் 50 மில்லிகிராம், மேலே 100. அது எஃப் மீதான எதிர்ப்பொருளேதான். போட்ட குழந்தையிடம் எஃப் எதிர்ப்பொருள் அளவு எகிறும், தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும். அங்கே வைரஸின் இன்னொரு புரதமான ‘N’ மீதான எதிர்ப்பொருளைப் பாருங்கள். அதிலும் தாயின் பங்கு சில மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே சீரத்தில் ஐஜிஏவையும் சேர்த்துப் பாருங்கள், அது நஞ்சுக்கொடி வழியே வந்ததல்ல. உமிழ்நீரில் ஐஜிஏ தேடுவதானால் பால் குடித்த கையோடு எடுக்காதீர்கள், தாய்ப்பாலின் ஐஜிஏ அதில் கலந்திருக்கும்.