பொங்கல் விடுமுறையும் பிதுக்குப் பருப்புக் குழம்பும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தருமபுரிப் பெருமக்களே, வணக்கம். பண்டிகை விடுமுறையில் குடும்பத்துக்கு நிறைவு தருவது வீட்டில் கொதிக்கும் குழம்பா, வெளியில் உண்ணும் விருந்தா என்ற வழக்கில், வீட்டுக் குழம்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், நான்கு நாள் விடுமுறையில் அடுப்படியில் நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்டார். அந்த வேலையெல்லாம் கடைசியில் பெண்கள் தலையில்தானே விழுகிறது என்றும் கேட்டார். இரண்டாவது கேள்வி கனமானது. அதற்கான பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். பொங்கலுக்கு முந்தைய இரவு பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நம் ஊருக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் வண்டிகள் எப்படி ஊர்ந்து வரும் என்பதை, சுங்கச்சாவடி வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். மகன் ஒன்பது மணிக்கு வருவான், மருமகனும் மகளும் நள்ளிரவில் வந்து இறங்குவார்கள், பேருந்தில் இடம் கிடைக்காத தம்பி விடியற்காலையில்தான் கதவைத் தட்டுவான். இவர்கள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் ஓர் உணவகத்து மேசையில் உட்கார வைப்பது யாரால் ஆகும்? அடுப்பில் ஒரு பெரிய குண்டான் குழம்பு இருந்துவிட்டால், வருகிறவர்களுக்கு வருகிற நேரத்தில் சுடவைத்து ஊற்றலாம். மறுநாள் காலையில் உப்பும் உறைப்பும் பருப்புக்குள் இறங்கி, முதல் நாளைவிட அது ருசியாகவே இருக்கும்.

எந்தக் குழம்பு என்று நடுவர் கேட்கலாம். இந்த மண்ணில், மார்கழி, தை மாதங்களில் அதற்கு ஒரே விடைதான்: பிதுக்குப் பருப்புக் குழம்பு. ஆடிப் பட்டத்தில் கேழ்வரகுக் காட்டில் ஊடுபயிராக விதைத்த மொச்சை, பகற்பொழுது சுருங்கிப் பனி இறங்கும்போது பூத்து, பொங்கலை ஒட்டிக் காய்த்துக் குலுங்கும். அந்தக் காயை உரித்து, பச்சைக் கொட்டையைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், தோல் கையோடு நிற்க, பருப்பு வழுக்கி வெளியே விழும். சின்ன வெங்காயம், பூண்டு, தனியா, காய்ந்த மிளகாய், தேங்காய் ஆகியவற்றை வதக்கி அரைத்து, பாலக்கோட்டுத் தக்காளியும் இரண்டு கத்திரிக்காயும் சேர்த்து, பருப்பு குழையாமல் நன்றாக வேகும்வரை கொதிக்கவிட வேண்டும். மாட்டுப் பொங்கலன்று இதில் ஆட்டுக்கறி சேர்க்கும் வீடுகளும் உண்டு. நான் அதற்கு எதிரியல்ல.

இந்தக் குழம்புக்குத் துணை கேழ்வரகுக் களி. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசி அதன் பக்கத்திலேயே வர முடியாது. 2023-இல் அரசு ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு கொடுக்க முனைந்தபோது, நீலகிரியோடு நம் தருமபுரியையும்தான் முதலில் தேர்ந்தெடுத்தது. களி ஆறினால் இறுகிவிடும் என்று எதிரணி சொல்லும். உண்மைதான். இறுகியதைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் கடித்துக் குடித்தால் அடுத்த வேளைச் சாப்பாடும் முடிந்தது. ஓட்டலில் மீந்த பரோட்டாவுக்கு அப்படி ஒரு மறுபிறவி உண்டா?

ஒகேனக்கலில் மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சமைத்துத் தருகிறார்களே என்றார் தோழர். காணும் பொங்கலன்று ஒரு நண்பகல் போய்வாருங்கள், நானும் வருகிறேன். ஆனால், அங்கே அடுப்பு முன் வேர்த்துக்கொண்டிருப்பவர்களும் பெண்கள்தாம் என்பதைத் தோழர் ஏன் சொல்லாமல் விட்டார்?

இப்போது அந்தக் கனமான கேள்விக்கு வருகிறேன். பண்டிகை நாளில் பெண்கள் சமையலறையிலேயே கிடக்கிறார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை. அதை மறைத்து இந்த வழக்கில் வெல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தக் குழம்பில் நேரத்தை விழுங்குவது அடுப்பு வேலை அன்று. காய் உரிப்பதும் பருப்புப் பிதுக்குவதும்தான். அதற்குக் கைப்பக்குவம் வேண்டாம், நெருப்பு வேண்டாம், நிற்கவும் வேண்டாம். திண்ணையில் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே, ஏன், இதுபோன்ற பட்டிமன்றத்தைப் பார்த்துக்கொண்டே, ஆண்களும் பிள்ளைகளும் செய்யலாம். களி கிண்டும் துடுப்பைப் பிடிக்கத்தான் தோள்வலிமை வேண்டும். அந்த வலிமை தங்களுக்கே உண்டென்று பெருமை பேசும் ஆண்கள் அதைக் கையில் எடுக்கட்டும். பெண்களின் சுமையைக் காட்டி எங்கள் அணியை மடக்கப் பார்த்த தோழர், வரும் பொங்கலுக்கு அந்த முறத்தின் முன் உட்காரச் சம்மதமா என்பதை, தீர்ப்புக்கு முன் இந்த மேடையிலேயே நடுவர் அவரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். வணக்கம்.