பிள்ளையள் சொல்லுறதை நம்பலாமோ? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, "அண்ணா, பள்ளிக்கூடம் போற பாதையைப் பற்றி ஆய்வு செய்யிறன், ஏழெட்டு வயசுப் பிள்ளையள் சொல்லுறதை நம்பலாமோ, கற்பனை பண்ணிச் சொல்லுவினமல்லோ?" எண்டு. ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்ர மண்டைக்குள்ளயே நிக்குது, ஏனெண்டா நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.

வடமராட்சிப் பக்கம் ஒரு ஊரில பெரியாக்களிட்ட பாதையைக் கேட்டம், சந்தி, கோயில், கடை எண்டு நேராச் சொல்லிச்சினம். பிள்ளையளுக்குத் தாளும் கலர்ப் பென்சிலும் குடுத்தம். ஒரு பிள்ளை ஒழுங்கையால சுத்திச் சுத்திக் கீறினா, ஏன் பிள்ளை நேர ரோட்டால போகேல்லை எண்டன், ஒரு கறுப்புப் புள்ளியில விரலை வைச்சு "இதில நாய் குட்டி போட்டிருக்கு, கடிக்கும்" எண்டா. பின்னேரம் அவவோட நடந்து பாத்தன், வேலிக்கு உள்ளுக்க தாய்நாய் உறுமுது! அந்த ரோட்டால நான் ரெண்டு மாசமா மோட்டச்சைக்கிள்ள போய் வந்தனான், எனக்கெங்க தெரியும்.

ரோஜர் ஹார்ட் எண்ட ஆய்வாளர், பிள்ளையள் எவ்வளவுக்கு உண்மையாப் பங்கெடுக்கினம் எண்டதை ஒரு ஏணி மாதிரிக் காட்டினவர், 1992இல வந்தது, எட்டுப் படி. அடியில இருக்கிற மூண்டு படியும் பங்கேற்பே இல்லை எண்டுறார். நாங்கள் சொல்லிக்குடுத்துப் பேச வைக்கிறது, வடிவுக்கு மேடையில நிப்பாட்டுறது, பேருக்குச் சேர்க்கிறது. எங்கட ஆக்கள் கனபேர் அதிலயே நிக்கினம். ஐ.நா.வின்ர 1989 சிறுவர் உரிமைச் சமவாயத்தின்ர 12ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றின விசயத்தில கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை இருக்கெண்டு சொல்லுது, இலங்கை 1991இலயே ஏற்றது.

ஆனா தங்கச்சி, நீர் கேட்டிருக்க வேண்டியது வேற, பிள்ளை ஆய்வில சேர மாட்டன் எண்டா என்ன செய்யிறது? தாய் தேப்பன் கையெழுத்து வைச்சா மட்டும் காணாது. ரீச்சர் பக்கத்தில நிக்கேக்க எந்தப் பிள்ளை மாட்டன் எண்டு சொல்லும்? ஒரு பெடியன் பென்சிலைத் தாளுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிட்டு செருப்பையே பாத்துக்கொண்டிருந்தான், வாய் திறக்கேல்லை, அதுதான் மாட்டன். விட்டிட்டம். மூண்டாம் நாள் தானா வந்து "ரியூசன் முடிஞ்சு இருட்டுக்க ஆரோட வாறனீங்கள் எண்டு கேக்கேல்லையே" எண்டான். எங்கட பேப்பரில அந்தக் கேள்வியே இல்லை! கொப்பியைக் குடுத்தம், அவனே போய் மற்றப் பிள்ளையளைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். பிள்ளையளும் ஆய்வு செய்யிறது எண்டு நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது இதைத்தான்.

உம்மட கேள்வியளை முதல் நாலு பிள்ளையளிட்ட குடுத்து, எது விசர்க் கேள்வி எண்டு கேளும். கீறின படங்களைக் கொப்பி எடுத்திட்டுத் திருப்பிக் குடும், அது அவையின்ர.