ஒரு சொல்லுக்காக நடந்த வழக்கு

நண்பர்களே, 2018 கோடையில் கலிஃபோர்னியாவின் மென்டொசீனோ பகுதியில் காடு பற்றி எரிந்தது. அணைக்கப் போன சான்டா கிளாரா தீயணைப்புத் துறையின் ஒருங்கிணைப்பு வண்டியில், இணைய வேகம் திடீரென்று இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கியது. மாத அளவு முடிந்துவிட்டது, விலை கூடிய திட்டத்துக்கு மாறுங்கள் என்றது வெரைசான் நிறுவனம். பிறகு, அது எங்கள் தவறுதான், ஆனால் இணையச் சமநிலைக்கும், அதாவது எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றிக் கொண்டுசேர்க்கவேண்டும் என்ற கொள்கைக்கும், இதற்கும் சம்பந்தமில்லை என்றது. அதில் ஓரளவு உண்மை உண்டு. குறிப்பிட்ட தளம் எதையும் அது தடுக்கவில்லை. ஆனால் தீயணைப்புத் துறை யாரிடம் போய் முறையிடுவது? இணையச் சமநிலை விதிகள் அந்த ஜூன் மாதம்தான் காலாவதியாகியிருந்தன.

ஏன் காலாவதியாயின? வழக்கின் வேர் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொலைபேசி நிறுவனம் வருகிற அழைப்பை ஆள் பார்க்காமல் இணைத்தாகவேண்டும். 1996இல் திருத்தியபோது 'தொலைத்தொடர்புச் சேவை', 'தகவல் சேவை' என்று இரண்டாகப் பிரித்தார்கள். முதல் வகைக்கு அந்தக் கடமை உண்டு, இரண்டாவதற்கு இல்லை. அகலக்கற்றை இணையம் எந்த வகை? சட்டம் தெளிவாக இல்லை, தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஆணையமே (FCC) முடிவு செய்யட்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2005இல்.

அங்கேதான் வினை. ஐந்து பேர் கொண்ட ஆணையம் 2015இல் மூன்றுக்கு இரண்டு என்று அதைத் 'தொலைத்தொடர்புச் சேவை' பக்கம் வைத்தது. 2017இல் அதே மூன்றுக்கு இரண்டு, மறுபக்கம். 2024இல் மீண்டும் பழைய பக்கம். கம்பி அதே கம்பி. ஆட்சி மாறும்போதெல்லாம் அதன் பெயர் மட்டும் மாறியது!

2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், தெளிவற்ற சட்டத்துக்கு இனி நீதிமன்றமே பொருள் சொல்லும் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு, 2025 ஜனவரி 2 அன்று ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அகலக்கற்றை 'தகவல் சேவை' என்று தீர்ப்பளித்து, விதிகளை ரத்து செய்தது. எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. என் வீட்டுக்கு வரும் படமும் பாட்டும் யாரோ ஆக்கியவை. கம்பிக்காரர் அவற்றைச் சுமந்து வருகிறார், அவ்வளவுதான். சுமப்பவருக்குக் கடமை இருக்கிறது என்று எழுதவேண்டியவர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருப்பவர்கள். 2019 ஏப்ரலில் அதன் கீழவையான பிரதிநிதிகள் சபை 232க்கு 190 என்று அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியும் அனுப்பியது. மேலவையான செனட் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.