கடலுக்கும் ஜிஎஸ்டி!

நடுவர் ஐயா, எதிரணிப் புலிகளே, மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்டு என்று ரயில் மாறி வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம். இதற்கு மேல் வணங்கினால் என் நேரத்தில் கழித்துவிடுவார்கள்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். மும்பை பார்க்க வரும் குடும்பம் ஆசைக்கு ஓர் இரவு தங்க ஏற்ற ஹோட்டல், கேட்வே ஆஃப் இந்தியா வளைவுக்கு எதிரில் இருக்கும் தாஜா, மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையின் முனையில் இருக்கும் ஓபராயா? இந்த அரங்கத்தில் பாதிப் பேர் இரண்டில் எங்கே காபி குடிப்பதென்றாலும் ஒன்றாம் தேதி வரை பொறுக்க வேண்டும். ஆனாலும் தலைப்பைக் கேட்ட மாத்திரத்தில் ஆளுக்கோர் அபிப்பிராயம் சொல்லத் தயாராக இருக்கிறோம். நான் தாஜ் அணி.

வாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன், பிறகு பேச வேண்டியதைப் பேசலாம். தாஜ் வாசலில் இறங்கினால் எலிஃபண்டா போகும் படகு எதிரிலேயே நிற்கிறது. திங்கட்கிழமை மட்டும் வராதீர்கள், குகைக்கு விடுமுறை. அருங்காட்சியகம், ஜஹாங்கீர் கலைக்கூடம், கொலாபா கடைவீதி எல்லாம் நடக்கும் தூரம். ஓபராயிலிருந்து இறங்கினால் மரைன் டிரைவ். அதை விட்டால் நரிமன் பாயிண்ட் அலுவலகக் கட்டடங்கள். ஊரில் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவன் இங்கே வந்து அடுத்தவன் ஆபீஸையா அண்ணாந்து பார்ப்பான்? "நாடகமும் கச்சேரியும் நடக்கும் என்சிபிஏ அரங்கம் இருக்கிறதே" என்று அங்கிருந்து ஒரு குரல். இருக்கிறது. டிக்கெட் நீங்கள் எடுத்துத் தருகிறீர்களா? குரலைக் காணோம். வாதம் முடிந்தது.

இனி என் சித்தப்பா.

தூத்துக்குடிக்காரர். உப்பளத்தில் கணக்கு எழுதியே தலை நரைத்தவர். அவருடைய மணிவிழாவுக்கு, பவாயில் வேலை பார்க்கும் மகள் தாஜில் ஓர் இரவு அறை எடுத்துக் கொடுத்தாள். வாடகை எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை விடுவாரா? அவளுடைய கைப்பேசியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்ததில் இரண்டு வாடகை தெரிந்திருக்கிறது. நகரத்தைப் பார்த்த அறைக்கு ஒன்று, கடலைப் பார்த்த அறைக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று.

"இது எதற்கம்மா கூடுதல்?"

"ஜன்னலில் கடல் தெரியும், அப்பா."

"கடல் தெரிவதற்குத் தனிக் காசா?"

"ஆமாம்."

"சரி, இதென்ன கீழே 18 சதவீதம்?"

"ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போனால் அவ்வளவு ஜிஎஸ்டி, அப்பா."

"அப்படியென்றால் கடலுக்கும் ஜிஎஸ்டி?"

ஐயா, அவர் எந்த ஊர்? கடல் தண்ணீரை வாய்க்காலில் வரவழைத்து, பாத்தியில் காயவைத்து, மூட்டை கட்டி விற்கிற ஊர். அந்த ஊர்க்காரரிடம் போய்க் கடலைப் பார்க்கக் காசு கேட்டால் நெஞ்சு பொறுக்குமா?

பணம் கட்டியாகிவிட்டது. என்ன செய்ய முடியும்? இரவு பத்து மணிக்குச் சித்தி திரைச்சீலையில் கை வைத்திருக்கிறார். "எடு கையை" என்றாராம் சித்தப்பா. சித்தி பதறிவிட்டார். "கடலுக்குத் தனியாகக் கட்டியிருக்கிறது. மூடி வைத்தால் நஷ்டம் யாருக்கு?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பஞ்சு மெத்தை, தலைக்கு நான்கு தலையணை, எல்லாம் அநாதையாகக் கிடந்தன. ஒரு மணி நேரக் கடலுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஹோட்டல் காகிதத்திலேயே வகுத்தும் பார்த்திருக்கிறார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வரவேற்பறைக்குத் தொலைபேசி. "சூரஜ் கித்னே பஜே?" சூரியன் எத்தனை மணிக்கு என்கிறார். சித்தப்பாவின் இந்தி அவ்வளவுதான், ஆனால் காரியம் நடந்துவிடும். வரவேற்பறைப் பெண் நேரம் சொன்னாராம். மும்பை மேற்குக் கடற்கரை நகரம்தான், ஆனால் தாஜ் நிற்கும் அப்போலோ பந்தர் கிழக்கே துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது. தண்ணீர்ப் பக்கத்தில் சூரிய உதயம் பார்க்க இங்கே வாய்ப்புள்ள இடங்கள் குறைவு, அதில் இது ஒன்று. சொன்ன நேரம் வந்தது. சூரியன் வரவில்லை, மேகம். சித்தப்பா மறுபடியும் தொலைபேசியை எடுத்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்காமல், "ஐயா, மேகம் எங்கள் கையில் இல்லை. காபி இருக்கிறது, அனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

"அதற்கும் தனியா?" என்றாராம் சித்தப்பா.

இந்தக் கதை ஊருக்குப் போய் எப்படி வளர்ந்தது தெரியுமா? முதலில் ஒரு கல்யாண வீட்டில் சொன்னபோது இரவில் ஒரு கப்பல் போனது. அடுத்து ஒரு காதுகுத்தில் மூன்று கப்பல். போன பொங்கலுக்குச் சொன்னபோது இந்தியக் கடற்படையே அவர் ஜன்னலுக்குக் கீழே அணிவகுத்துச் சென்றது. சந்தேகப்பட்டுச் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவர் சொல்வதை நம்பாதே. பன்னிரண்டு மணிக்கே நாற்காலியில் குறட்டை. அந்தச் சத்தத்தில் தூக்கம் போய், விடிய விடிய விழித்திருந்தவள் நான். கட்டின காசுக்குக் கடலைப் பார்த்தவளும் நான்" என்றார்.

மரைன் டிரைவில் இந்தக் கதை நடக்குமா? அங்கே 3.6 கிலோமீட்டருக்குக் கடற்கரைச் சுவர் கிடக்கிறது. ஒரு சுட்ட சோளக்கதிர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் சூரியன் சல்லிக்காசு வாங்காமல் எதிரிலேயே மறையும். மேலே ஓபராய் ஜன்னலில் ஒருவர் வாடகை கட்டிப் பார்க்கும் அதே அஸ்தமனத்தைக் கீழே ஒரு கல்லூரி ஜோடி ஓசியில் பார்த்துக்கொண்டிருக்கும். இரவில் விளக்குகள் நெக்லஸ் போலத் தெரியும் என்றார்கள் எதிரணியில். மலபார் ஹில்லில் கமலா நேரு பூங்காவுக்குப் போனால் அந்த நெக்லஸும் இலவசம். அப்படியானால் கேட்வே அருகே போய் நின்றால் உதயமும் இலவசம்தானே என்று யாரும் கேட்காதீர்கள். என்னிடம் பதில் இல்லை.

ஓபராய் மீது எனக்குக் கோபமும் இல்லை. எம்.எஸ். ஓபராய் சிம்லாவில் செசில் ஹோட்டலில் மாதம் 50 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலே வந்தவர். குமாஸ்தா வீட்டுப் பெண்ணான எனக்கு அவரைக் குறைத்துப் பேச வாய் வராது. 2008 நவம்பரில் இரண்டு ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. இரண்டிலும் ஊழியர்கள் விருந்தினரைக் காப்பாற்றப் போய் உயிரைக் கொடுத்தார்கள். அதை எந்த அணியும் தன் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. நானும் வைக்க மாட்டேன்.

ஆனால் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி ஒன்று சொன்னார். "தாஜ் தங்குவதற்கு இல்லை, முன்னால் நின்று போட்டோ எடுப்பதற்கு. மாட்டுங்காத் தமிழன் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் செய்கிறான், ஒருவனும் உள்ளே போனதில்லை" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தட்டியவர்களில் என் கணவரும் ஒருவர். அவரை வீட்டில் கவனித்துக்கொள்கிறேன், தம்பியை இங்கே.

முன்னால் நிற்பதைப் பற்றியா பேசுகிறாய், தம்பி? தாஜ் திறந்தது 1903 டிசம்பர் 16. அப்போது கேட்வே ஏது? ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911இல் வந்து இறங்கினார். அதன் நினைவாக 1913இல் அடிக்கல் நாட்டி, 1924இல்தான் வளைவைத் திறந்தார்கள். மன்னர் இறங்கியபோது அந்தக் கல் வளைவு இல்லை, ஹோட்டல் இருந்தது. ஆக, தாஜ் முன்னால் போட்டோவுக்கு வந்து நின்றவர்களில் கேட்வேயும் ஒன்று! நாமாவது எடுத்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறோம். அது நூறு வருடமாகப் போகாமல் நிற்கிறது.

உள்ளே போனதில்லையாம். முதல் உலகப் போரின்போது அந்த ஹோட்டலை 600 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். அதில் படுத்திருந்த சிப்பாய் எல்லாம் டிப்ஸ் வைத்துவிட்டா போனான்?

அந்தப் போட்டோவை மட்டும் இளக்காரம் செய்யாதே, தம்பி. என் அப்பா ஃபோர்ட் பகுதியில் தட்டச்சர். ஊரிலிருந்து யார் வந்தாலும், வேலை தேடி வந்த பையனோ, புதுப்பெண்ணோ, ஞாயிற்றுக்கிழமை கேட்வேக்குக் கூட்டிக்கொண்டு போவார். கழுத்தில் கேமராவும் கையில் மாதிரி ஆல்பமுமாகப் போட்டோக்காரர்கள் சுற்றி வளைப்பார்கள். அப்பா இந்தியில் பேரம் பேசுவார், வந்தவர்கள் தமிழில் தலை வாரிக்கொள்வார்கள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் யார் தலையைப் பார்த்தாலும் பின்னால் அந்தச் சிவப்புக் குவிமாடம்.

என் பாட்டி பரேலுக்கு வைத்தியத்துக்கு வந்தார். வைத்தியத்தில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, ஊருக்கு டிக்கெட் எடுத்த அப்பாவிடம் பாட்டி கேட்டது ஒன்றுதான். "எல்லோரையும் நிற்க வைத்தாயே, என்னையும் நிற்க வை." கீமோவில் முடி கொட்டிய தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, காலை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். இடது கை அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருக்கிறது. பாட்டியின் கடைசிப் போட்டோ அது. மாலை போடப் பெரிதாக்கக் கொடுத்தபோது ஸ்டுடியோக்காரர், "பின்னணியை எடுத்துவிட்டு நீல வண்ணம் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். அத்தை விடவில்லை. "அவர் ஆசைப்பட்டு நின்ற இடம், அது இருக்கட்டும்" என்றார். இன்றைக்கும் ஊரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மாலைக்குப் பின்னால், அந்தக் கட்டடம் இருக்கிறது.

தலைப்பு தங்குவதைப் பற்றியது என்று நடுவர் முகம் சொல்கிறது. தங்கியிருக்கிறதே, ஐயா! நாங்கள் அங்கே தங்கவில்லை, சரி. அது எங்கள் வீடுகளில் தங்கியிருக்கிறது. திருநெல்வேலியிலும் சேலத்திலும் தாராவிச் சந்திலும் எத்தனை சுவரில் வாடகை கொடுக்காமல், ஜிஎஸ்டி கட்டாமல் தங்கியிருக்கிறது!

மணி அடித்துவிட்டீர்கள். அடுத்து எதிரணித் தலைவர் வருகிறார். ஓபராய் முன்னால் நின்று எடுத்த போட்டோ ஒன்று, ஒன்றே ஒன்று, அவர் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் இந்த மேடையில் காட்டட்டும். அந்த நிமிடமே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கம் போய் உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.