வீட்ட பாக்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கு எதிர்ல இருக்குற கடைங்கள பாருங்க | கும்பகோணம் சீனியர் சிட்டிசன் காலனி வ்லாக்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா. காத்து அடிக்குது, மைக்க முந்தானைக்குள்ள சொருகி வச்சிருக்கேன், சத்தம் முன்னபின்ன இருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. இப்ப காலைல ஏழே முக்கால், நான் நிக்கிறது கும்பகோணத்துக்கு வெளில எங்க அப்பா அம்மா குடியிருக்குற சீனியர் சிட்டிசன் காலனி வாசல்ல. காலனி பேர சொல்ல மாட்டேன், இது விளம்பர வீடியோ இல்ல, யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கல, அதனால நல்லதையும் சொல்லுவேன் கெட்டதையும் சொல்லுவேன்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. அம்மாவுக்கு சொந்த ஊரு பாபநாசம் பக்கம், கடைசி காலத்துல காவேரி ஓரமாத்தான் இருப்பேன்னு ஒரே பிடிவாதம். நான் சென்னைல, தம்பி துபாய்ல, திருச்சி வீட்ல ரெண்டு பேரும் தனியா மாடிப்படி ஏறி இறங்கிக்கிட்டு இருந்தாங்க, ஒரு நாள் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுது, அதுக்கப்புறந்தான் இந்த முடிவு. நாலு வருஷம் ஆச்சு. வந்தப்ப மொத கட்டம் மட்டும்தான், அதுலயும் பாதி வீட்ல பூட்டு தொங்கும், சாயந்தரம் ஆறு மணிக்கு மேல தவக்காய் சத்தம் மட்டும் கேக்கும். இப்ப மூணாவது கட்டம் கட்டிக்கிட்டு இருக்காங்க, அந்தா கம்பி நீட்டிக்கிட்டு தெரியுது பாருங்க, அதான்.

ஏன் இவ்ளோ வேகமா வளருதுன்னா, நம்ம டெல்டாவுல எந்த தெருவுக்கு போனாலும் நாலு வீடு பூட்டி கிடக்கு, புள்ளைங்க வெளியூரு வெளிநாடுன்னு போயிடுச்சு. 2011 சென்சஸ்லயே தமிழ்நாட்டுல பத்துல ஒருத்தருக்கு மேல 60 வயசு தாண்டினவங்க, இப்ப அது இன்னும் ஏறியிருக்கும். பம்பாய்லயும் பெங்களூர்லயும் நாப்பது வருஷம் வேலை பாத்தவங்க, குலதெய்வம் இங்க, பொறந்த ஊரு இங்க, அவங்கதான் முக்காவாசி வாங்குறாங்க. கும்பகோணம் 2021ல மாநகராட்சி ஆச்சு, பகல்ல சோழன், ராத்திரி உழவன்னு சென்னைக்கு ரயிலும் இருக்கு, போதாததுக்கு 2028 மகாமகம் வருதுல்ல, அத சொல்லியே மனை விக்கிறாங்க. மகாமகத்தை காட்டி வெல ஏத்துனா அவசரப்பட்டு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, குளத்துல முங்கி எந்திரிக்கிறதுக்கு வீடு வாங்கணும்னு ஒண்ணும் இல்ல.

சரி, உள்ள என்னென்ன வசதி. மெஸ் இருக்கு, மூணு வேளை சாப்பாடு, காலைல ஆறு மணிக்கு காபி. நர்ஸ் ராத்திரி பகல் இருக்காங்க, ஆம்புலன்ஸ் நிக்குது, பேட்டரி வண்டி இருக்கு, பஜனை ஹாலு, லைப்ரரி, நடக்குறதுக்கு பாதை, எல்லா காலனிலயும் பிரவுச்சர்ல போடுற ஐட்டந்தான். என்னைய கேட்டா பாத்ரூம போயி பாருங்கம்பேன். செவுத்துல கம்பி போட்டிருக்கான்னு பாத்தா மட்டும் பத்தாது, அத புடிச்சு உங்க முழு வெயிட்ட போட்டு தொங்கி பாருங்க. எங்க வீட்ல மொதல்ல போட்டிருந்த கம்பி, அப்பா புடிச்சு இழுத்த இழுப்புல ஸ்க்ரூவோட கைல வந்துடுச்சு, வெறும் டைல்ஸ்ல ஒட்டவச்ச மாதிரி அடிச்சிருக்காங்க. அவரு ஃபிட்டராச்சே, சும்மா விடுவாரா, செவுத்துக்குள்ள போற நீளமான ஆங்கர் போல்ட்டு வாங்கிட்டு வந்து அவரே நின்னு போட வச்சாரு, அப்புறம் பக்கத்துல பதினோரு வீட்டுக்கும் அவரே போயி செக் பண்ணி குடுத்தாரு. தாப்பா வெளிலேருந்து தொறக்குற மாதிரி இருக்கான்னு பாருங்க, கட்டில் பக்கத்துல அவசரத்துக்கு இழுக்குற கயிறு கீழ விழுந்து கிடந்தாலும் கைக்கு எட்டுதான்னு பாருங்க, தரையில படுத்து பாத்தாத்தான் தெரியும், நான் படுத்து பாத்தேன்.

மூணாவது வருஷம் அதே பாத்ரூம் செவுத்துல ஓதம் ஏறி பெயின்ட்டு உரிஞ்சு வந்துச்சு. சொன்னா, பண்றோம் பண்றோம்னு ரெண்டு மாசம் இழுத்தாங்க. அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன், ரெரான்னு வீடு கட்டி விக்கிறவங்களுக்கான சட்டம், அதுல இருக்கு, சாவி வாங்கின தேதியிலேருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டடத்துல குறைன்னு சொன்னா 30 நாளைக்குள்ள காசு வாங்காம சரி பண்ணி குடுக்கணும். அத எழுத்துல குடுத்த அடுத்த வாரமே ஆளு வந்துச்சு. அதனால வாய்ல சொல்லாதீங்க, எழுதி குடுங்க, தேதி போட்டு குடுங்க.

இப்ப கேமராவ திருப்புறேன், இந்த கேட்ட பாருங்க. இந்த கேட்ட பத்தி பேசத்தான் இன்னைக்கு வந்தேன்.

ரெண்டாவது கட்டம் முடிஞ்சப்ப உள்ளயே ஒரு ஸ்டோர் தொறந்தாங்க, கான்ட்ராக்ட்டுக்கு விட்டாங்க. அடுத்த நாளே செக்யூரிட்டி காரணம்னு சொல்லி வெளி வியாபாரி யாரும் உள்ள வரக்கூடாதுன்னு போர்டு மாட்டிட்டாங்க. கீரைக்கார அக்கா ஒருத்தங்க, பக்கத்து ஊரு, மொத வீடு குடி வந்த நாள்லேருந்து கூடை தூக்கிக்கிட்டு வர்றவங்க, அவங்களயும் நிறுத்திட்டாங்க. ஸ்டோர்ல கீரை பிளாஸ்டிக் கவர்ல வரும், மொத நாள் பறிச்சது, தண்ணி விட்டு கருத்து போயிருக்கும். எங்க அப்பா ஞாயித்துக்கிழமை தவறாம பொன்மலை சந்தைக்கு போயி கத்திரிக்காய ஒண்ணொண்ணா காம்பு பாத்து எடுத்த மனுஷன், அவருகிட்ட போயி கவர்ல கட்டின கீரைய குடுத்தா?

அப்புறம் என்ன ஆச்சுன்னா, அந்த அக்கா போகல. கேட்டுக்கு வெளில உக்காந்துட்டாங்க. காலைல எட்டு மணிக்கு இந்த கம்பிக்கு அந்த பக்கம் அவங்க, இந்த பக்கம் நம்ம தாத்தா பாட்டிங்க. இந்த கம்பி இடைவெளிய பாருங்க, என் கை மணிக்கட்டு வரைக்கும்தான் போகுது. முளைக்கீரை கட்டு நுழைஞ்சிடும், அரைக்கீரை நுழைஞ்சிடும், முருங்கைக்கீரைய ரெண்டா பிரிச்சு தருவாங்க. வாழைப்பூ நுழையாது. 84 வயசு தாத்தா ஒருத்தரு, கண் ஆபரேஷன் பண்ணவரு, கேட்டுக்கு மேல ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிப்பாரு, அந்த பக்கம் அக்கா குதிகால எக்கி அவரு கைல வாழைப்பூவ வப்பாங்க. நான் லீவுக்கு வந்தப்ப அத பாத்தேன், அழுகையே வந்துடுச்சு. காசு குடுத்து சொந்தமா வீடு வாங்கி குடியிருக்கவங்க, கம்பிக்கு பின்னாடி நின்னு கீரை வாங்குறாங்க.

வீட்டுக்காரங்கள்லாம் சேந்து மனு எழுதுனாங்க, ஏழு மாசம் ஆச்சு. கடைசில காலைல எட்டுலேருந்து பத்து வரைக்கும் வரலாம், போட்டோ ஒட்டுன கார்டு குடுப்போம்னு ஒத்துக்கிட்டாங்க. இப்ப கீரை, பூ, மோர், இஸ்திரி வண்டி எல்லாம் உள்ள வருது. செக்யூரிட்டி பிரச்சனை இதுவரைக்கும் ஒண்ணும் வரல, வர்றவங்க எல்லாரும் பேரு சொல்லி கூப்புடுற ஆளுங்க. ரெண்டு நாள் ஒரு வீட்ல கதவு தொறக்கலன்னா நர்ஸுக்கு முன்னாடி பூக்காரம்மாதான் வந்து சொல்றாங்க, இத நான் ரெண்டு தடவ கண்ணால பாத்துட்டேன்.

வாங்க, ரோட்ட தாண்டி போவோம். நாலு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரே ஒரு டீக்கடை, கீத்து கொட்டாய். இப்ப பாருங்க வரிசையா. மெடிக்கல் இருக்கு, ரத்தம் எடுக்குற லேப்பு இருக்கு, மாவு மில்லு, செல்போன் ரிப்பேரு. இந்த டெய்லர் அண்ணே ஸ்கூல் யூனிஃபார்ம் தச்சிக்கிட்டு இருந்தவரு. பக்கவாதம் வந்த ஒரு பாட்டிக்கு கொக்கி மாட்ட முடியலன்னு அவங்க மருமக வந்து கேட்டதுக்கு, முன்பக்கம் ஒட்டுற பட்டி வச்சு ஜாக்கெட் தச்சு குடுத்திருக்காரு, ஒரு கையாலேயே போட்டுக்கலாம். இப்ப காலனி ஃபுல்லா அவருகிட்டதான், நைட்டிக்கும் அதே, வேட்டிக்கும் இடுப்புல பட்டி வச்சு தர்றாரு. யாரும் சொல்லி குடுக்கல, ஆள பாத்து அளவெடுத்து அவரே யோசிச்சது.

இது வெத்தலக்கடை. கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். இந்த கடை ஆயா மேசைல இருக்குற சின்ன இரும்பு உரல பாருங்க, கைக்குள்ள அடங்குற சைசு. பல்லு இல்லாதவங்களுக்கு கொழுந்து வெத்தலையா பாத்து காம்பு கிள்ளி, நரம்ப உரிச்சு, சுண்ணாம்பு தடவி, சீவல் போட்டு அதுலயே இடிச்சு உருண்டையா குடுக்குறாங்க. சாயந்தரம் நாலு மணிக்கு இந்த பெஞ்சுல எட்டு பேரு உக்காந்திருப்பாங்க. காலனிக்குள்ள இவ்ளோ அழகா ஹாலு இருக்கு, ஏசி இருக்கு, ஆனா கதை பேச இந்த பெஞ்சுக்குத்தான் வர்றாங்க, ஏன்னா இங்க பஸ்ஸு போகுது, ஸ்கூல் புள்ளைங்க போகுது, அறுவடை மிஷின் போகுது, நாலு மனுஷங்கள பாக்கலாம்.

பக்கத்துல பிரவுசிங் சென்டர் தம்பி. நவம்பர் மாசம் வந்தா இவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது, சென்ட்ரல் பென்ஷன்காரங்க எல்லாரும் உயிரோட இருக்கோம்னு லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும்ல. எங்க அப்பாவுக்கு ரேகை விழாது, முப்பத்தஞ்சு வருஷம் இரும்ப ராவி ராவி விரல் நுனி வழுவழுன்னு தேஞ்சு போச்சு, மிஷின்ல பத்து விரலையும் மாத்தி மாத்தி வச்சாலும் ஏத்துக்காது. 2021லேருந்து மொகத்த காட்டியே பண்ற வசதி வந்துடுச்சு, தம்பி வீட்டுக்கே வந்து போன்ல மொகத்த புடிச்சு அஞ்சு நிமிஷத்துல முடிச்சு குடுத்துடுறாரு. நடக்க முடியாதவங்க வீட்டுக்கெல்லாம் இவரேதான் போறாரு. 80 வயசு தாண்டினவங்க அக்டோபர் 1லேருந்தே குடுக்கலாம், கூட்டத்துல நிக்க வேணாம், உங்க வீட்டு பெரியவங்ககிட்ட சொல்லுங்க.

எங்க சித்தப்பா பொண்ணு அமெரிக்காவுல ஃப்ளோரிடால இருக்கா. அங்க தி வில்லேஜஸ்னு ஒண்ணு, ரிட்டையர் ஆனவங்களுக்குன்னே உருவான ஊரு, 2010க்கும் 2020க்கும் நடுவுல அமெரிக்காவுலயே வேகமா வளர்ந்த மெட்ரோ ஏரியா அதுதானாம், 39 சதவீதம். பெரியவங்க கோல்ஃப் வண்டிய ஓட்டிக்கிட்டே கடைக்கு, டாக்டருக்கு, சாயந்தரம் பாட்டு கேக்க சதுக்கத்துக்குன்னு போவாங்க. அந்த வண்டி பாதை எனக்கு ரொம்ப புடிச்சிது, வயசானவங்க யாரையும் எதிர்பாக்காம கடைக்கு போக முடியுது பாருங்க. நம்ம ஊர்ல கேட்டுலேருந்து இந்த வெத்தலக்கடைக்கு நூறு அடி கூட இருக்காது, ஆனா ரோட்ட தாண்டணும், லாரி வர்ற வேகத்துக்கு வாக்கர் வச்சிருக்க பாட்டி எப்புடி தாண்டுவாங்க? ஒரு வேகத்தடை கேட்டு ஒரு வருஷமா மனு போட்டுக்கிட்டு இருக்காங்க. அது வந்தே ஆகணும்.

வேலைக்கு வர்ற பொண்ணுங்கள பத்தியும் சொல்லணும். சுத்துப்பட்டு ஊர்லேருந்துதான் வர்றாங்க, பெரியவங்கள குளிப்பாட்டி, ஊட்டி, டயப்பர் மாத்தி, பன்னெண்டு மணி நேர ட்யூட்டி. ஒரு ஏஜென்சி மூலமா வந்த பொண்ணுக்கு நாம குடுத்த காசுல எவ்ளோ அவ கைக்கு போச்சுன்னு கேட்டப்ப மனசே ஆறல. இப்ப அஞ்சாறு வீட்டுக்காரங்க சேந்து நேரா சம்பளம் குடுத்து வச்சுக்கிறாங்க, வாரத்துல ஒரு நாள் லீவு, ராத்திரி ட்யூட்டி முடிஞ்சா ஆட்டோ காசு. அம்மாவுக்கு வர்ற பொண்ணு ஒரு நாள் வரலன்னா அம்மா சாப்புடவே மாட்டேங்குறாங்க.

இன்னும் ஒண்ணு, அந்த மூணாவது கட்டத்துக்கு பின்னாடி பச்சையா தெரியுது பாருங்க, சம்பா பயிரு. இந்த இடமும் நஞ்சையா இருந்ததுதான். 2020ல டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாங்க, அது எண்ணெய், எரிவாயு, உருக்காலை மாதிரி தொழிலத்தான் தடுக்குது, வீட்டு மனைக்கு அதுல தடை இல்ல. இங்க மண்ண கொட்டி மேடாக்குனப்ப நடுவுல போன வடிகால் வாய்க்கால ஒரு சின்ன குழாய போட்டு மூடிட்டாங்க. போன ஐப்பசி மழைல தண்ணி வடிய வழியில்லாம பக்கத்து வயல்ல நட்ட நாத்து முங்கி அழுகி போச்சு. அந்த வயல்காரரு வேற யாரும் இல்ல, கீரைக்கார அக்காவோட கொழுந்தனாரு. காலனில ஒரு ரிட்டையர்டு பி.டபிள்யூ.டி. இன்ஜினியர் தாத்தா இருக்காரு, அவரு மழைல குடைய புடிச்சுக்கிட்டு போயி மட்டம் பாத்து, படம் வரைஞ்சு குடுத்து, வீட்டுக்காரங்க எல்லாரும் கையெழுத்து போட்டு, குழாய பிரிச்சுட்டு அகலமா காரை போட்டு வாய்க்காவ தொறக்க வச்சாங்க. இந்த வருஷம் மழைக்கு தண்ணி நிக்கல, அங்கயும் நிக்கல, இங்கயும் நிக்கல. அதனால இந்த பக்கம் வீடு பாக்க வர்றவங்க கோடைல வராதீங்க, ஐப்பசி கார்த்திகைல நல்ல மழை பேஞ்ச மறுநாள் வாங்க, வந்து பக்கத்து வயல்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க.

மெயின்டனன்ஸ் பத்தி சுருக்கமா. வீட்டுக்காரங்க அசோசியேஷன் கைக்கு பொறுப்பு வந்ததுக்கப்புறம், மாசம் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாய்க்கு மேல போயி, அசோசியேஷனோட வருஷ வரவும் 20 லட்சத்த தாண்டிச்சுன்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், அத மனசுல வச்சு கணக்கு போடுங்க. ஆஸ்பத்திரி தூரத்தையும் பாத்துக்கோங்க, அப்பாவுக்கு பெரிய வைத்தியம்னா பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், அது எங்களுக்கு ஒரு குறைதான், அவசரம்னா கும்பகோணத்துலயே காட்டிட்டு அப்புறம் கூட்டிட்டு போறோம். பெரியவங்க சம்பந்தமா எந்த உதவின்னாலும் 14567க்கு போன் பண்ணலாம், காசு கிடையாது.

இருங்க இருங்க, அப்பா கேட்டுல நின்னு கைய ஆட்டுறாரு. எட்டு மணி ஆச்சு, அக்கா கூடையோட வந்துட்டாங்க. அக்கா, கார்ட காட்டுங்க பாப்போம். பாருங்க, அவங்க போட்டோ ஒட்டுன கார்டு, கீரை கட்டுற வாழநாருலயே கோத்து கழுத்துல மாட்டியிருக்காங்க. இன்னைக்கு என்னக்கா இருக்கு? பொன்னாங்கண்ணியா? அப்பா, அந்த வாழைப்பூவையும் எடுத்துக்கோங்க, அம்மா வடை தட்டணும்னாங்க. நான் போனை வைக்கிறேன் மக்களே, கூடைய இறக்கி குடுக்கணும்.